நாலு வரிக்கு எவ்ளோ கேக்கறது? எழுத்து, எடிட்டிங் வேலைக்குப் புதுசா வர்றவங்க ரேட் போடுறது எப்படி

வாரத்துக்கு ஒரு மெசேஜாவது வந்துடுது. "அக்கா, ஒரு கம்பெனில கன்டென்ட் எழுதித் தரச் சொல்றாங்க, எவ்ளோ கேக்கலாம்?" நான் திருப்பிக் கேக்கறது நாலே கேள்விதான். என்ன வேலை, எத்தனை வார்த்தை, எத்தனை தடவை மாத்திக் கேப்பாங்க, யாரு ஓகே சொல்லணும். பத்துல எட்டு பேர் "அதெல்லாம் கேக்கலயே அக்கா"ன்னுதான் பதில் போடுவாங்க. வேலை என்னன்னே தெரியாம விலை கேட்டா நான் என்னத்த சொல்ல. பொண்ணு பாக்காமலே மண்டபம் புக் பண்ற கதைதான்.

நான் மட்டும் என்ன யோக்கியம், ஆரம்பத்துல நானும் அப்படித்தான். ஒரு ஸ்வீட் கடை, தீபாவளிக்கு நோட்டீஸ். ஓனர் போன்ல "நாலு வரி தானேம்மா, அஞ்சு நிமிஷ வேலை, 1,500 வாங்கிக்க"ன்னாரு, நானும் நாலு வரிக்கு 1,500ஆன்னு வாயெல்லாம் பல்லா சரின்னுட்டேன். அப்புறம் ஒன்பது நாளு. ராத்திரி பத்தரைக்கு வாய்ஸ் நோட் வரும், "பாரம்பரியம்ங்கிற வார்த்தை வரணும்". மறுநாள் அவரோட மச்சான் பேசுவாரு, "பாரம்பரியம்லாம் பழசுப்பா, யூத்தா போடு". அதுக்கடுத்த நாள் ஓனரம்மாவுக்கு நெய்ங்கிற வார்த்தை பெருசா தெரியணும். பதினோரு வெர்ஷன் போச்சு, கடைசில அச்சுக்குப் போனது நான் மொத நாள் அனுப்பின ரெண்டாவது வெர்ஷன். மொத்தமா கூட்டிப் பாத்தா 14 மணி நேரம். 1,500ஐ 14ஆல வகுத்தா மணிக்கு 107 ரூபா. இதுல அவரு ஏமாத்தினாருன்னு சொல்ல முடியாது, அவரு கேட்டதெல்லாம் நான் குடுத்தேன், எதுக்குக் காசுன்னு நான்தான் சொல்லல.

அதனால இந்தக் கட்டுரைல "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ"ன்னு ஒரு அட்டவணை இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. அமெரிக்காவுல எடிட்டோரியல் ஃப்ரீலான்ஸர்ஸ் அசோசியேஷன்னு ஒரு சங்கம் ரேட் சார்ட் போடுறாங்க, இங்கிலாந்துல சிஐஇபின்னு ஒரு எடிட்டர் சங்கம், குறைஞ்சபட்ச ரேட் இவ்ளோன்னு சொல்றாங்க. அதையெல்லாம் பாருங்க, வேலைய எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கத்துக்கலாம், ஆனா அந்த டாலரையும் பவுண்டையும் அப்படியே ரூபாயா மாத்தி நம்மூர் பதிப்பகத்துக்கிட்ட சொன்னா போனை வெச்சுடுவாங்க. உங்க ரேட்டை நீங்களேதான் கண்டுபிடிக்கணும், எப்படின்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

1. மொதல்ல ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும்

ரெண்டு வாரம் நீங்க செய்யற எல்லா வேலைக்கும் நேரம் எழுதி வைங்க. காசு வாங்கற வேலையா இல்லைன்னாலும் பரவால்ல, நாலு பக்கம் எடுத்து ப்ரூஃப் பாருங்க, அதாவது பிழை திருத்துங்க, ஒரு கடைக்குச் சும்மா ஒரு விளம்பரம் எழுதிப் பாருங்க. எத்தனை மணிக்கு உக்காந்தீங்க, எப்ப எழுந்தீங்க, எத்தனை பக்கம் முடிஞ்சுது. போன் பேசின நேரம், மெயில் எழுதின நேரம், ஃபைலை கன்வர்ட் பண்ணின நேரம் எல்லாத்தையும் சேத்து எழுதணும். அந்தக் கடைசி மூணத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க.

ஃபைல்னு சொன்னதும் ஞாபகம் வருது. தமிழ்ல எடிட்டிங் பண்றவங்களுக்கு மட்டும் இருக்கற தலைவலி இது. பழைய ஆளுங்க பாமினி ஃபான்ட்லயோ வானவில்லயோ டைப் பண்ணி பேஜ்மேக்கர்ங்கற பழைய சாஃப்ட்வேர் ஃபைலா அனுப்புவாங்க, யூனிகோடுக்கு, அதாவது இப்ப எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் படிக்கற எழுத்து முறைக்கு மாத்தினா சில எழுத்து குதறிப்போய் வரும், ஒரு பக்கத்துல எங்கெங்க உடைஞ்சிருக்குன்னு தேடிப் பாக்கவே அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் வேலைதான். நான் இப்ப மொத கேள்வியே அதான் கேப்பேன், "யூனிகோடா, வேற ஃபான்டா?" யூனிகோடு இல்லைன்னா கன்வெர்ஷனுக்குத் தனிக் காசு.

2. உங்க ஒரு மணி நேரம் எவ்ளோ

இது சின்ன கணக்கு. ஆனா இதைப் போட்டுப் பாக்காமலே பத்து வருஷம் ஓட்டினவங்களை எனக்குத் தெரியும். மாசம் வீட்டுக்கு என்ன வேணும்னு எழுதுங்க. உதாரணத்துக்கு வீட்டுச் செலவு 30,000, சேமிப்பு 5,000, ஹெல்த் இன்சூரன்ஸ் 1,500. கம்பெனில இருந்தா அவங்க கட்டுவாங்க, இங்க நாமதான். லேப்டாப் 48,000ன்னு வைங்க, நாலு வருஷம் உழைக்கும், அப்ப மாசம் 1,000 எடுத்து வைக்கணும், இல்லைன்னா அது சாகற அன்னிக்குக் கடன்தான். நெட்டும் போனும் 1,500, கரன்ட் 500, ரிப்பேரு சாஃப்ட்வேர்னு ஒரு 500. மொத்தம் 40,000.

இப்ப மணி. மாசத்துக்கு 22 வேலை நாள்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காசு வர்ற வேலை யாருக்கும் கிடையாது. நாலு மணி நேரம் உருப்படியா எழுத்துல கண்ணு நின்னா பெரிய விஷயம், மீதி நேரம் க்ளையன்ட் தேடுறது, பில் போடுறது, "சார் பேமென்ட்"னு மெசேஜ் போடுறது. 22 பெருக்கல் 4, 88. காய்ச்சல், கல்யாணம், வேலையே வராத நாள்னு கழிச்சா 80 மணி. 40,000ஐ 80ஆல வகுத்தா மணிக்கு 500 ரூபா. இது ஆசைப்படுற ரேட்னு நெனைக்காதீங்க, இதுக்குக் கீழ போனா வீட்டுல இருந்து காசு போட்டு அடுத்தவனுக்கு வேலை செய்யறீங்கன்னு அர்த்தம். உங்க நம்பர் 300ஆ இருக்கலாம், 900ஆ இருக்கலாம், அப்பா அம்மா வீட்டுல இருக்கற பையனுக்கும் ரெண்டு குழந்தை இருக்கறவங்களுக்கும் ஒரே நம்பர் வராது. வீட்டுல இருக்கற பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வாடகை இல்லைங்கறதுக்காக அதைக் கணக்குல சேக்காம விட்டுடாதீங்க, நாளைக்குத் தனியா போகும்போது ஒரே நாள்ல ரேட்டை டபுள் பண்ண முடியாது.

3. எந்த வேலைன்னு பேர் வைங்க

"கொஞ்சம் பாத்துக் குடுங்க"ன்னு ஒரு ஃபைல் வரும். இந்த "கொஞ்சம் பாத்து"ங்கறதுக்குள்ள மூணு நாலு வேலை ஒளிஞ்சிருக்கு. ஒரு வாக்கியத்தையே எடுத்துக்குவோம், ஆஸ்பத்திரி பிரவுச்சர்ல வந்த மாதிரி ஒண்ணு:

"இந்த மருத்துவமனை ஆனது 1998ம் ஆண்டு துவங்கபட்டு இன்றளவும் மக்களுக்கு சேவை செய்து கொண்டு வருகின்றது."

ப்ரூஃப் மட்டும்னா "துவங்கப்பட்டு", "மக்களுக்குச் சேவை"ன்னு ரெண்டு ஒற்று போட்டு, "மருத்துவமனையானது"ன்னு சேத்து எழுதி, 1998ஆம்னு மாத்திட்டு அடுத்த வரிக்குப் போயிடணும். வாக்கியம் நல்லா இல்லையேன்னு கை அரிக்கும், தொடக் கூடாது, அதுக்குக் காசு வாங்கல. பத்து செகண்ட்.

காப்பி எடிட்டிங்னா: "1998இல் தொடங்கிய இந்த மருத்துவமனை இன்றும் மக்களுக்குச் சேவை செய்துவருகிறது." ஆனது போச்சு, இன்றளவும் போச்சு. கூடவே இந்த ஃபைல் முழுக்க தொடங்குவா துவங்குவா, 1998இல்லா 1998லா, மருத்துவமனையா ஆஸ்பத்திரியான்னு ஒரு முடிவெடுத்து எழுதி வெச்சுக்கிட்டு எல்லா இடத்துலயும் அதையே கடைப்பிடிக்கணும். ஒரு நிமிஷம்.

விளம்பர எழுத்துன்னு வந்தா இந்த வாக்கியமே குப்பைக்குப் போகும். "சின்ன வயசுல உங்களுக்கு ஊசி போட்ட அதே ஆஸ்பத்திரி. இப்ப உங்க குழந்தைக்கும்." அது நல்லா இருக்கா இல்லையாங்கறது வேற, அதுக்கு நான் அந்த ஊர்ல அந்த ஆஸ்பத்திரிய ஜனங்க என்னன்னு கூப்பிடுறாங்கன்னு விசாரிக்கணும், பத்து வரி எழுதி ஒம்பதை அடிக்கணும். அரை மணியும் ஆகும், அரை நாளும் ஆகும்.

ஒரே வாக்கியம், பத்து செகண்ட்ல இருந்து அரை நாள் வரைக்கும். அதனாலதான் ஃபைலைப் பாக்காம ரேட் சொல்லவே சொல்லாதீங்கங்கறேன். நடுவுல இருந்து மூணு பக்கம் அனுப்பச் சொல்லுங்க. மொத மூணு பக்கம் வேணாம், அதை எல்லாரும் நல்லா எழுதி வெச்சிருப்பாங்க, 87ஆம் பக்கம் எப்படி இருக்குங்கறதுதான் உங்க சம்பளத்தை முடிவு பண்ணும். அந்த மூணு பக்கத்தைக் கடிகாரம் வெச்சு எடிட் பண்ணுங்க. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் ஆச்சுன்னா மணிக்கு மூணு பக்கம், உங்க மணி ரேட் 500ன்னா பக்கத்துக்கு 167 வருது, 170ன்னு சொல்லுங்க.

4. எதை எண்ணப் போறீங்க

இங்கிலீஷ்ல வார்த்தைக் கணக்கு சுலபம். தமிழ்ல அதை அப்படியே எடுத்துக்கிட்டா அடி வாங்குவீங்க. "வந்துகொண்டிருக்கிறார்கள்"னு சேத்து எழுதினா எம்எஸ் வேர்டு அதை ஒரு வார்த்தைன்னு எண்ணும், "வந்து கொண்டு இருக்கிறார்கள்"னு பிரிச்சா மூணு. எடிட்டர் ஒழுங்கா சேத்து எழுதினா அவரு சம்பளம் குறையும், என்ன நியாயம் பாருங்க. மொழிபெயர்ப்புல இன்னும் மோசம், என்கிட்ட வர்ற ஃபைல்கள்ல 1,000 இங்கிலீஷ் வார்த்தை தமிழ்ல 700, 750ன்னுதான் முடியும். க்ளையன்ட் "வார்த்தைக்கு இவ்ளோ"ன்னு சொன்னா மறக்காம கேளுங்க, மூலத்துல எண்ணுறீங்களா, நான் குடுக்கறதுல எண்ணுறீங்களா? நான் எப்பவும் மூலத்துல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மொத்தத் தொகை தெரிஞ்சுடும், சண்டை கிடையாது. எடிட்டிங்கும் அதே மாதிரி, அவங்க அனுப்பின ஃபைல்ல எண்ணி முடிச்சுடுங்க, நீங்க வெட்டினதுக்கப்புறம் எண்ணாதீங்க.

புத்தகம்னா பக்கக் கணக்கு, பழைய ஆளுங்க ஃபாரம்னு சொல்லுவாங்க, 16 பக்கம் ஒரு ஃபாரம். பக்கம்னு சொல்லும்போதும் உஷார், 14 பாயின்ட்ல காத்தாட இருக்கற பக்கமும் 10 பாயின்ட்ல அடைச்சு வெச்ச பக்கமும் ஒண்ணில்ல. இங்கிலீஷ் எடிட்டிங் உலகத்துல 250 வார்த்தை ஒரு பக்கம்னு ஒரு வழக்கம் இருக்கு. நான் அதே மாதிரி தமிழுக்கு 200 வார்த்தை ஒரு பக்கம்னு வெச்சு மொத்த வார்த்தையை வகுத்துடுவேன், எந்த சைஸ்ல அச்சடிக்கறாங்கங்கறது அவங்க பாடு.

எழுத்து எண்ணுற வேலையும் உண்டு. கூகுள் விளம்பரத் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். "தீபாவளி சிறப்புத் தள்ளுபடி" எழுதுங்க. கண்ணால எண்ணினா இடைவெளியோட சேத்து 16. கம்ப்யூட்டர் எண்ணினா 26, ஏன்னா கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாமே அதுக்குத் தனித்தனி எழுத்து. தமிழ்ங்கற வார்த்தையே அதுக்கு அஞ்சு, ஸ்ரீ ஒண்ணுக்கு நாலு. அதனால இங்கிலீஷ்ல பாதி நாள்ல முடியற 15 தலைப்பு தமிழ்ல ஒரு முழு நாளை முழுங்கும். "குட்டிக் குட்டி வரிதானே"ன்னு சொல்ற க்ளையன்டுக்கு இந்த 26 கணக்கைக் காட்டுங்க, நான் காட்டியிருக்கேன், வேலை செய்யுது.

விளம்பரம், வெப்சைட், நோட்டீஸ் இதுக்கெல்லாம் வார்த்தைக் கணக்கே வேணாம், மொத்தமா ஒரு தொகை. வரி குறைய குறையத்தான் வேலை ஜாஸ்தி.

5. "சாட்ஜிபிடில போட்டாச்சு, லைட்டா டச் அப் பண்ணினா போதும்"

இப்ப பாதி வேலை இப்படித்தான் வருது. வர்றதைக் குறை சொல்லல, ஆனா இதை ப்ரூஃப் ரேட்டுக்கு எடுத்தீங்கன்னா செத்தீங்க. போன மாசம் ஒரு க்ரீம் விளம்பரம் வந்துச்சு: "உங்கள் சருமத்திற்கு தகுதியான அன்பை கொடுங்கள்." எழுத்துப்பிழைன்னு பாத்தா ரெண்டே ரெண்டு ஒற்று. ஆனா இது தமிழா? சருமத்துக்கு யாராவது அன்பு குடுப்பாங்களா? அடியில இருக்கற இங்கிலீஷை மொதல்ல மனசுல கொண்டு வரணும், அப்புறம் அதை மறக்கணும், அப்புறம் நம்ம வீட்டுல ஒரு அம்மா பொண்ணுக்கு என்ன சொல்லுவாங்கன்னு யோசிக்கணும், "மூஞ்சிய கொஞ்சம் கவனிடி"ன்னு தொடங்கி எங்கயோ போகும். மொதல்ல இருந்து எழுதறதை விட இது கஷ்டம், ஏன்னா மோசமான வாக்கியம் கண்ணு முன்னாடியே உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்குது.

இந்த மாதிரி ஃபைலுக்கு மணிக்கணக்குதான். மூணு பக்க டெஸ்ட் பண்ணிப் பாத்து, திருத்தறதை விட எழுதறதே சீக்கிரம்னா அதையே சொல்லிடுங்க: "சார், திருத்தினா 9 மணி நேரம், புதுசா எழுதினா 7 மணி நேரம், எது வேணும்?" நிறைய பேர் அசந்துபோய் புதுசையே கேப்பாங்க.

டெஸ்டுன்னா நாமளா பாக்கற மூணு பக்கத்தைச் சொன்னேன். அவங்க கேக்கற இலவச டெஸ்ட் வேற. 200 வார்த்தை வரைக்கும் சரி. "டெஸ்டா ரெண்டு முழுக் கட்டுரை"ன்னு கேட்டா உங்களை மாதிரி பத்து பேர்கிட்ட ரெண்டு ரெண்டா வாங்கி மாசத்தை ஓட்டிடுவாங்க, நான் மாட்டியிருக்கேன், என் கட்டுரையே அவங்க வெப்சைட்ல சிரிச்சுது.

6. கொட்டேஷன்

பி.டி.எஃப். லெட்டர்ஹெட்லாம் அப்புறம். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும், ஆனா எழுத்துல இருக்கணும். நான் அனுப்பறது இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம் சார். பேசினபடி உங்க வெப்சைட்டுக்குத் தமிழ்ல 5 பக்கம்: முகப்பு, எங்களைப் பற்றி, 3 சர்வீஸ் பக்கங்கள். ஒரு தடவை போன்ல 45 நிமிஷம் பேசி விவரம் எடுத்துக்கறேன். முதல் டிராஃப்ட் அட்வான்ஸ் வந்த 8ஆம் நாள். திருத்தம் 2 ரவுண்டு. எல்லாரோட கருத்தையும் ஒருத்தரே தொகுத்து ஒரே டாக்குமென்டா அனுப்பணும். 3வது ரவுண்டுல இருந்து மணிக்கு 500. போட்டோ, டிசைன் இதுல சேராது. மொத்தம் 18,000. பாதி அட்வான்ஸ், மீதி ஃபைனல் ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி. முழுப் பணம் வந்த பிறகு எழுத்தோட உரிமை உங்களுக்கு. இந்த ரேட் 15 நாளைக்குச் செல்லும். சரின்னா 'ஓகே'ன்னு பதில் போடுங்க."

18,000 எங்க இருந்து வந்துச்சு? முகப்புப் பக்கம் பேச்சு, எழுத்து, திருத்தம்னு 9 மணி நேரம், 4,500. மத்த நாலுக்கும் தலா 5 மணி நேரம், 10,000. ஆச்சு 14,500. அதுக்கு மேல 20 சதவீதம் எதிர்பாராததுக்கு, 17,400. அதை 18,000ஆக்கினேன். அந்த 20 சதவீதத்தைக் கூச்சப்பட்டு விடாதீங்க, ஒரு வேலை கூட நெனைச்ச நேரத்துல முடிஞ்சதா எனக்கு ஞாபகம் இல்ல.

க்ளையன்ட் "12,000க்குப் பண்ணுங்க"ம்பாரு. கண்டிப்பா சொல்லுவாரு, பேரம் பேசலைன்னா நமக்கே சந்தேகம் வரும். இங்க ரேட்டைக் குறைக்காம வேலையைக் குறைங்க: "12,000க்கு முகப்பும் ரெண்டு பக்கமும் பண்ணித் தரேன் சார், மீதி ரெண்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம்." 4,500, ரெண்டு 2,500, அதுக்கு 20 சதவீதம், 11,400 வருது, நஷ்டம் இல்ல. சும்மா 18ஐ 12ஆ குறைச்சீங்கன்னா மொத சொன்ன 6,000 பொய்யின்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அடுத்த தடவை 8ல இருந்து ஆரம்பிப்பாரு.

ஒரே ஆள் தொகுத்து அனுப்பணும்ங்கற வரி அந்த ஸ்வீட் கடை மச்சானுக்காகவே எழுதினது.

அவசரம்னா, அதாவது இன்னிக்கு ராத்திரி குடுத்து நாளைக்குக் காலைலன்னா, ஒன்றரை மடங்கு. சீசனும் பாத்துக்கங்க. ஜனவரில சென்னைப் புத்தகக் காட்சி வரும், அதனால நவம்பர், டிசம்பர்ல எல்லாப் பதிப்பகமும் ஒரே நேரத்துல ப்ரூஃபுக்கு ஆள் தேடும், அப்ப ரேட் பேச உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். துணிக்கடை, நகைக்கடைக்கு ஆடி, தீபாவளி, அட்சய திருதியை. தேர்தல் வேலைன்னா முழுக் காசும் முன்னாடியே, ரிசல்ட் வந்த அன்னிக்கு ஜெயிச்சவரும் பிஸி, தோத்தவர் போன் சுவிட்ச்ட் ஆஃப்.

7. கணக்குக்கும் சந்தைக்கும் நடுவுல இருக்கற பள்ளம்

இப்ப நேர்மையா ஒண்ணு பேசணும். ரெண்டாம் ப்ரூஃப், அதாவது ஒரு தடவை திருத்தினதை மறுபடி சரிபாக்கறது, நான் மணிக்கு எட்டுப் பக்கம் பாப்பேன். 500 கணக்குப்படி பக்கத்துக்கு 62 ரூபா. ஒரு பதிப்பகம் எனக்குச் சொன்னது 15. அதாவது மணிக்கு 120. அவங்களும் பெரிய லாபத்துல ஓட்டல, 300 காப்பி போடுற கவிதைப் புத்தகத்துல எனக்கு 62 குடுத்தா அவங்க கடையை மூடணும், தெரியுது. ஆனா என் வாடகைக்கு அது தெரியாது. கன்டென்ட் ஏஜென்சில வார்த்தைக்கு 50 பைசான்னு சொல்லுவாங்க, 1,000 வார்த்தைக் கட்டுரைக்கு 500 ரூபா, தேடிப் படிச்சு எழுத அஞ்சு மணி நேரம். மணிக்கு 100 ரூபா, கிட்டத்தட்ட அதே கணக்கு.

நான் என்ன பண்றேன்னா மாசத்துல 80 மணில 60 மணி முழு ரேட் வேலை, அது பெரும்பாலும் கம்பெனி, ஆஸ்பத்திரி, கடைகள். மீதி 20 மணில புத்தகம், எனக்குப் பிடிச்ச புத்தகமா இருந்தா மட்டும், குறைஞ்ச ரேட்டுக்கு, குறைச்சல்னு தெரிஞ்சேதான் செய்யறேன். பில்லுலயும் முழு ரேட்டை எழுதிட்டு கீழ "தள்ளுபடி"ன்னு தனி வரியா கழிப்பேன். அப்பதான் அவங்களுக்கும் தெரியும், என் அசல் விலை இதுன்னு. அந்தக் குறையற காசுக்கு ஈடா முழு ரேட் மணிக்கு 500ஐ கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கணும், அதையும் கணக்குல சேருங்க.

ஆரம்பத்துல கைல ஒரு சாம்பிள் கூட இல்லாதவங்க ரெண்டு மூணு வேலை கம்மிக்குப் பண்ணலாம், தப்பில்ல. 50 பைசால ரெண்டு வருஷம் கிடந்தா மட்டும் எழுத்தே கெட்டுடும், வேகமா அடிக்கற பழக்கம் கைல ஒட்டிக்கும், அப்புறம் நல்ல ரேட் வேலை வந்தாலும் கை அதே மாதிரிதான் அடிக்கும்.

வெளிநாட்டு வேலை எடுத்தா ப்ளாட்ஃபார்ம் கமிஷனை மறக்காதீங்க. ஃபைவர்ங்கற ஃப்ரீலான்ஸ் வெப்சைட் 20 சதவீதம் எடுத்துக்கும், கைக்கு 5,000 வரணும்னா 6,250 சொல்லணும், டாலர் மாத்தறப்ப போறது தனி. கனடா, லண்டன்ல இருக்கற நம்மாளுங்களுக்கான அறிவிப்பு, நோட்டீஸ் வேலைன்னா இன்னொரு விஷயம், அங்க படிக்கறவங்கள்ல பெரும்பாலும் ஈழத்துத் தமிழர்கள். நாம டொரான்டோன்னு எழுதறதை அவங்க ரொறன்ரோன்னு எழுதுவாங்க, எழுத்து மட்டும் இல்ல, சொல்லும் வேற. ஈழத் தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டி வாங்கணும், அவருக்குக் குடுக்கற காசையும் சேத்துதான் ரேட் சொல்லணும்.

8. காசு கைக்கு வர்ற வரைக்கும்

கம்பெனிங்க 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது காசு குடுக்கறப்பவே கழிக்கற வருமான வரி, பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. ஒரே கம்பெனில இருந்து வருஷத்துக்கு 50,000க்கு மேல போனா பிடிக்கணும், 2025 ஏப்ரலுக்கு முன்னாடி அது 30,000ஆ இருந்துச்சு. 20,000 பில்லுக்கு 18,000 வந்தா பதறாதீங்க, அது உங்க பேர்ல கட்டின வரி, ரிட்டர்ன் போட்டா வரி போக மீதி திரும்ப வரும். நெஜமா கட்டினாங்களான்னு வருமான வரி போர்ட்டல்ல போய்ப் பாத்துக்கங்க. பான் நம்பர் குடுக்கலைன்னா 20 சதவீதம் பிடிச்சுடுவாங்க.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுல சர்வீஸ் வருமானம் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டற வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல. ரிஜிஸ்டர் பண்ணாம பில்லுல 18 சதவீதம் சேத்து வாங்கறது தப்பு, யாரோ சொன்னாங்கன்னு பண்ணிடாதீங்க.

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) மத்திய அரசுப் பதிவு, மட்டும் கண்டிப்பா பண்ணுங்க, ஆதாரும் பானும் இருந்தா போதும், இலவசம். காசு கேக்கற சைட் எல்லாம் டுபாக்கூர். இது எதுக்குன்னா, 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி உங்களை மாதிரி குறுந்தொழில்காரங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல பேசின நாளுக்குள்ள (எப்படிப் போனாலும் 45 நாளுக்குள்ள), இல்லைன்னா 15 நாளைக்குள்ள காசு குடுத்தாகணும், தவறினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து இன்னொண்ணும் சேந்துச்சு, கெடுவுக்குள்ள குடுக்கலைன்னா அந்தத் தொகைய அவங்க குடுக்கற வருஷம் வரைக்கும் வருமான வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது. அதனால மார்ச் மாசம் அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவங்களே தேடி வந்து உத்யம் நம்பர் கேப்பாங்க. பில்லுல அந்த நம்பரை அடிச்சு வைங்க, வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்ட்ரேஷன் முடிச்சிருங்க, பிரச்சினை வந்தப்புறம் ஓடாதீங்க. தெருமுனைக் கடைக்காரருக்கு இந்தச் சட்டமெல்லாம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அங்க அட்வான்ஸ்தான் சட்டம்.

உரிமை பத்தி கொட்டேஷன்ல ஒரு வரி போட்டேன்ல. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்க அந்தக் கம்பெனில சம்பளத்துக்கு வேலை பாக்கற ஆள் இல்லைன்னா எழுதினது மொதல்ல உங்களோடது, அவங்களுக்கு மாறணும்னா கையெழுத்து போட்ட எழுத்து வேணும். பெரிய வேலைன்னா அந்தப் பேப்பரை பணம் முழுசா வந்தப்புறம் குடுங்க. 40,000 ரூபா பாக்கி வெச்ச ஒரு கம்பெனிக்கு நான் இதை ரெண்டு வரில பணிவா மெயில் போட்டேன், நாலாம் நாள் பணம் வந்துச்சு.

9. ரேட் ஏத்தறது

வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல்ல. புது க்ளையன்டுக்கு மொதல்ல ஏத்துங்க, ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கலைன்னா ஏற்கனவே கம்மியா இருந்திருக்கீங்க. பழைய ஆளுக்கு ஒரு மாசம் முன்னாடி: "சார், ஏப்ரல் 1ல இருந்து மணிக்கு 575. இப்ப கைல இருக்கற வேலைக்குப் பழைய ரேட்டே." அவ்ளோதான், பெட்ரோல் விலை, பால் விலைன்னு விளக்கம் எழுத வேணாம், விளக்கம் எழுத எழுத அவங்களுக்குப் பேரம் பேச எடம் கிடைக்கும்.

அந்த ஸ்வீட் கடை ஓனர் போன தீபாவளிக்கு மறுபடி கூப்பிட்டாரு. 6,000, ரெண்டு ரவுண்டு, முழு அட்வான்ஸ்னு மெசேஜ் போட்டேன். "நாலு வரிக்கு ஆறாயிரமாம்மா"ன்னு ஒரு வாய்ஸ் நோட். நான் ஒண்ணும் பதில் போடல. சாயங்காலம் ஜிபேல பணம் வந்துச்சு. டிராஃப்ட் அனுப்பினேன், ரெண்டு நாள் சத்தமே இல்ல, மூணாம் நாள் ஒரு போட்டோ. கடை பில் புக்கைத் திருப்பி அதோட முதுகுல பால்பாயின்ட் பேனால எல்லாத் திருத்தமும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதி, கீழ ஓனர், ஓனரம்மா, மச்சான் மூணு பேரும் கையெழுத்து. மொத்தம் அஞ்சே திருத்தம், அதுல ஒண்ணு "பாரம்பரியம் வேண்டாம்".